பாசிசத்தின் மேடையில் ரோமும் ஏதென்சும்: கடன் வாங்கிய தொன்மை

மேடைவிளக்கு (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். முசோலினியின் இத்தாலியும் ஹிட்லரின் ஜெர்மனியும் பண்டைய ரோமையும் கிரேக்கத்தையும் நாடக மேடையிலும் பொதுவெளிக் காட்சிகளிலும் எப்படிக் கையாண்டன என்பதைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஓர் எண்ணம் வலுப்பட்டுக்கொண்டே வருகிறது. அவர்கள் "எங்கள் முன்னோர்" என்று மார்தட்டிய தொன்மையின் பெரும்பகுதி பழைய நூல்களிலிருந்தோ அகழாய்வுக் குழிகளிலிருந்தோ வந்ததன்று. அவர்களுக்குச் சற்று முந்திய தலைமுறையின் நாடகக் கொட்டகையிலிருந்தும் ஊமைப் படங்களிலிருந்தும் வந்தது. இதை நீங்கள் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று அறியவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் அந்தக் கை வணக்கத்தை எடுத்துக்கொள்வோம். வலக்கையை நேராக நீட்டி உயர்த்தும் அந்தச் செய்கைக்கு "ரோமானிய வணக்கம்" என்று பெயரிட்டார்கள். பண்டைய ரோமில் அப்படியொரு வணக்கமுறை இருந்ததற்கு இலக்கியச் சான்றும் இல்லை, சிற்பச் சான்றும் இல்லை. பிரெஞ்சு ஓவியர் டாவிட் 1784இல் தீட்டிய ஓவியத்தில் மூன்று சகோதரர்கள் தந்தை ஏந்திய வாள்களை நோக்கிக் கைகளை நீட்டிச் சூளுரைக்கிறார்கள். அந்தத் தோரணை பிற்கால மேடை நாடகங்களுக்கும், அங்கிருந்து ரோமைக் கதைக்களமாகக் கொண்ட ஊமைப் படங்களுக்கும் பரவியது. 1914இல் வெளிவந்த 'கபிரியா' அவற்றுள் பெரும்புகழ் பெற்றது; அதன் எழுத்தட்டைகளை எழுதியவர் கவிஞர் தன்னுன்ஸியோ. அதே தன்னுன்ஸியோ 1919இல் பியூமே நகரைப் படையுடன் சென்று பிடித்தபோது, அவருடைய ஆட்கள் இந்த வணக்கத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பாசிஸ்டுகள் அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் முதல் அமைச்சர்கள் வரை அன்றாடம் செய்தாக வேண்டியிருந்த ஒரு செய்கை ஓவியத்திலும் நாடகத்திலும் சினிமாவிலும் பிறந்தது என்பது எனக்கு இன்றும் பெரிய செய்தியாகவே படுகிறது.

அடுத்து, ரோம் நகரமே மேடையாக்கப்பட்ட விதம். பியாட்சா வெனேசியாவிலிருந்து கொலோசியம் வரை பேரரசுச் சாலை என்று ஒரு நேர்சாலையை வெட்டி, முசோலினியை ஆட்சிக்குக் கொண்டுவந்த 'ரோம் மீதான அணிவகுப்பின்' பத்தாம் ஆண்டு நாளான 1932 அக்டோபர் 28 அன்று திறந்தார்கள். அதற்காக வேலியா என்னும் குன்றைக் கரைத்தார்கள். மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஒரு குடியிருப்புப் பகுதியை இடித்துத் தள்ளினார்கள். அகழ்ந்தெடுத்த மன்றங்களின், அதாவது பண்டைய ரோமின் பொதுச் சதுக்கங்களின், பெரும்பகுதி அந்தச் சாலைக்கு அடியிலேயே மீண்டும் புதைந்தது. தொன்மையைக் காட்டுவதற்காகப் போட்ட சாலை தொன்மையை மூடியது. அதன் பயன் அணிவகுப்பு: துருப்புகள் நடக்க, பின்புலத்தில் தூண்கள் நிற்க வேண்டும். சாலையோரம் மாக்சென்டியஸ் மண்டபத்தின் சுவரில் 1934இல் நான்கு சலவைக்கல் வரைபடங்களைப் பதித்தார்கள். முதலாவதில் ரோம் ஒரு வெண்புள்ளி. நான்காவதில் பேரரசன் டிராஜன் காலப் பேரரசு. எத்தியோப்பியாவைப் பிடித்த பிறகு, 1936இல் முசோலினியின் பேரரசைக் காட்டும் ஐந்தாவது பலகையைச் சேர்த்தார்கள். போருக்குப் பின் அந்த ஐந்தாவதை மட்டும் கழற்றிவிட்டார்கள். மற்ற நான்கும் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

நாட்காட்டியையும் விட்டுவைக்கவில்லை. 1923இல் தொழிலாளர்களின் மே நாளை ஒழித்து, ரோம் நகரம் பிறந்த நாளாக மரபு சொல்லும் ஏப்ரல் 21ஐ உழைப்பின் விழாவாக்கினார்கள். 1938 மே 3 இரவு ஹிட்லர் ரோமில் புதிதாகக் கட்டப்பட்ட ஒஸ்தியென்சே ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது, கொலோசியத்தின் வளைவுகளுக்குள்ளிருந்து செந்நிற ஒளி பீறிட்டது. அவரை வரவேற்ற படையணிகள் காலை விறைப்பாக உயர்த்தி வைக்கும் நடையைப் பழகியிருந்தன. ஜெர்மன் படைகளின் நடையை ஒத்த அதற்கு அந்த ஆண்டுதான் "ரோமானிய நடை" என்று பெயர் சூட்டியிருந்தார்கள்.

பழஞ்சுவடி:

மேடைவிளக்கு அவர்களுக்கு வணக்கம். வணக்கமுறை பற்றித் தாங்கள் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அதை வைத்துக்கொண்டு எல்லாமே கொட்டகைச் சரக்கு என்று சொல்லிவிடுவது, அந்த ஆட்சிக்குத் துணைநின்ற அறிஞர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகும். தொல்லியலும் மொழியியலும் கற்றுத் தேர்ந்தவர்கள், சான்றுகளை நன்கு அறிந்தவர்கள், அறிந்துகொண்டேதான் அந்த வேலையைச் செய்தார்கள்.

அகஸ்டஸ் பிறந்து இரண்டாயிரம் ஆண்டுகள் நிறைந்ததையொட்டி 1937 செப்டம்பர் 23 அன்று ரோமில் திறக்கப்பட்ட மாபெரும் கண்காட்சியை நினைத்துப் பாருங்கள். அதன் பொறுப்பாளர் ஜிக்லியோலி தேர்ந்த தொல்லியல் அறிஞர். பழைய பேரரசு பரவியிருந்த நாடுகளிலிருந்தெல்லாம் கல்வெட்டுகளுக்கும் சிலைகளுக்கும் கட்டடப் பகுதிகளுக்கும் சுண்ணாம்புச் சாந்து வார்ப்புகள் எடுத்துக்கொண்டுவரப்பட்டன. கான்ஸ்டன்டைன் காலத்து ரோம் நகரை 250இல் ஒரு பங்கு அளவில் ஜிஸ்மோந்தி செய்த மாதிரி அங்கே வைக்கப்பட்டது. அவையெல்லாம் பொய்யல்ல; ஆய்வுத் தரம் உள்ளவை. ஆனால், பாசிசப் புரட்சிக் கண்காட்சி அதே நாளில் நகரின் வேறொரு கூடத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாக வாசிக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். உண்மையான சான்றுகளை அடுக்கிவைத்தே பொய்யான ஒரு முடிவுக்கு மக்களை இட்டுச் செல்ல முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஹிட்லர் ரோமுக்கு வந்தபோது அவருக்கும் முசோலினிக்கும் நினைவுச்சின்னங்களை விளக்கிச் சொன்னவர் ரனுச்சியோ பியாங்கி பந்தினெல்லி. அவர் பாசிசத்தை வெறுத்தவர். பிற்காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். ஆயினும் அன்று மறுக்காமல் உடன் நடந்தார். அந்த நாட்களைத் தம் நாட்குறிப்பிலும் எழுதிவைத்தார். அப்படிப்பட்ட ஒருவரையே அந்தக் காட்சிக்குள் நிறுத்திவிட முடிந்தது என்றால், ஆய்வுலகம் எவ்வளவு தூரம் உட்பட்டிருந்தது என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

தெற்குத்திண்ணை:

இருவர் எழுதியதையும் கவனமாகப் படித்தேன். எனக்கு ஓர் ஐயம். சாலையும் கண்காட்சியும் அரசு விரும்பியபடி அமைத்துக்கொள்ளக் கூடியவை. நாடகம் அப்படியல்ல. சோபோக்ளிசின் நாடகத்தில் உள்ள சொற்கள் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டவை. அதிகாரத்தின் செருக்கையும் அதன் வீழ்ச்சியையும் பேசும் அந்தத் துன்பியல்களை ஒரு சர்வாதிகார அரசு ஏன் அஞ்சாமல் மேடையேற்றியது? வசனங்களை மாற்றினார்களா, வெட்டினார்களா?

கடற்காகம்:

தெற்குத்திண்ணை அவர்களின் கேள்விக்கு நான் நேரில் பார்த்த ஓர் இடத்தை வைத்துப் பதில் சொல்ல முயல்கிறேன். வேலை நிமித்தம் லிபியாவின் திரிப்போலியில் இருந்த காலத்தில், ஒரு விடுமுறை நாளில் மேற்கே கடலோரமாகப் போய் சப்ராத்தா அரங்கைப் பார்த்தேன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ரோமானிய அரங்கு அது. மேடைக்குப் பின்னால் தூண்கள் மூன்று அடுக்காக உயர்ந்து நிற்கின்றன. தூண்களின் இடைவெளியில் கடல் தெரிகிறது. மேடையின் முன்விளிம்பில் இடுப்பளவு உயரத்தில் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. குனிந்து பார்த்தால், ரோம் நகரும் சப்ராத்தா நகரும் இரண்டு பெண்களாக நின்று கைகோத்துக்கொள்கின்றன. வெயிலில் அந்தக் கல்லைத் தொட்டபடி வெகுநேரம் நின்றேன். அந்தக் கைகளில் ஒன்று மற்றதைப் பிடித்து நசுக்கிய காலமும் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இடிந்து மண்மூடிக் கிடந்த அந்த அரங்கை எடுத்துக் கட்டியவர்கள் இத்தாலியத் தொல்லியலாளர்கள். குயிதி தொடங்கினார், அவர் 1936இல் இறந்த பிறகு கபூதோ தொடர்ந்தார். 1937 மார்ச் 19 அன்று முசோலினி முன்னிலையில் அங்கே ஈடிபஸ் நாடகம் நடந்தது. அன்று இத்தாலியின் குடியேற்ற நாடாக இருந்த லிபியாவின் ஆளுநர் இதாலோ பால்போ ஏற்பாடு செய்த பயணத்தின் ஒரு பகுதி அது. சில நாட்களுக்கு முன்புதான், சுமார் 1,800 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய கடற்கரைச் சாலையின் நடுவே, பாலைவனத்தில் பிலேனி சகோதரர்களின் பெயரில் ஒரு மாபெரும் வளைவைத் திறந்துவைத்திருந்தார்கள். தங்கள் நாட்டின் எல்லைக்காக உயிரோடு புதைபட ஒப்புக்கொண்ட கார்த்தேஜியச் சகோதரர்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சல்லுஸ்ட் சொல்லும் பழங்கதை அது. ரோமின் பரம எதிரியான கார்த்தேஜின் வீரர்களைக்கூடத் தங்கள் எல்லைக் கல்லாக்கிக்கொள்ள அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நாட்டைப் பீடித்த கொள்ளைநோய்க்குக் காரணமான குற்றவாளியைத் தேடும் மன்னன், தேடித் தேடி, அந்தக் குற்றவாளி தானே என்று கண்டுபிடிக்கிறான். அதுதான் அந்த நாடகம். அதே நாட்டில், அதற்கு ஆறு ஆண்டுகள்கூட முடியாத நிலையில், 1931 செப்டம்பர் 16 அன்று, இத்தாலிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய, எழுபது வயதைக் கடந்த உமர் முக்தாரைத் தூக்கிலிட்டிருந்தார்கள். முகாம்களில் அடைபட்டிருந்த ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துவந்து, அதைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்தினார்கள். அதுவும் ஒரு பொதுக் காட்சிதான். கிழக்கு லிபியாவின் அந்த முகாம்களில் பல்லாயிரம் பேர் பசியிலும் நோயிலும் மாண்டார்கள். சோபோக்ளிசின் வசனத்தில் எதையும் வெட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்திருக்காது என்பதே என் எண்ணம். யார் முன் வரிசையில் அமர்வது, யார் அரங்குக்கு உள்ளேயே வர முடியாது என்பதை முடிவு செய்துவிட்டால் போதும். சொற்கள் காதில் விழுந்தாலும் குற்றம் யாரையும் தொடுவதில்லை.

அந்த அரங்கு எழுந்த காலத்தை ஒட்டி ரோமை ஆண்ட பேரரசன் செப்டிமியஸ் செவரஸ், அதே லிபியக் கடற்கரையில் லெப்டிஸ் மாக்னாவில் பிறந்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செங்காந்தள்:

கடற்காகம் அண்ணா எழுதியதைப் படித்தபின் உடனே எதையும் எழுத மனம் வரவில்லை. ஆனாலும் ஜெர்மனியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அங்கே நிலைமை வேறு.

1933க்குப் பிறகு நாஜிகள் ஊர்ஊராகத் 'திங்' என்ற பெயரில் திறந்தவெளி அரங்குகளைக் கட்டத் தொடங்கினார்கள். திங் என்பது பண்டைய ஜெர்மானியக் குடிகளின் ஊர்மன்றத்தைக் குறிக்கும் சொல். நானூறு அரங்குகள் கட்டத் திட்டமிட்டு, நாற்பதளவில் கட்டி முடித்தார்கள். ஹைடல்பெர்க் நகருக்கு மேலே குன்றின் மீது கட்டிய அரங்கை 1935 ஜூன் மாதம் நாஜி பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ் திறந்துவைத்தார். பெயர் ஜெர்மானியப் பெயர், ஆனால் வடிவம் கிரேக்க வடிவம்: சரிவில் வளைந்து இறங்கும் கற்படிகள், கீழே வட்டக் களம். ஜெர்மானிய முன்னோர் இப்படி ஒன்றைக் கட்டியதே இல்லை.

மேடைவிளக்கு ஐயாவின் கருத்துக்கு வலுச்சேர்க்கும் செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்த அரங்குகளில் நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலில் பேசும் பேச்சுக்கோரஸ், 1920களில் ஜெர்மன் தொழிலாளர் இயக்கம் வளர்த்த கலை. கிரேக்க நாடகத்தைப் பெருந்திரளின் காட்சியாக்கிக் காட்டியவர் மாக்ஸ் ரைன்ஹார்ட்: 1910இல் ஈடிபஸை சர்க்கஸ் அரங்கின் வட்டக் களத்துக்குக் கொண்டுபோனார், 1919இல் பெர்லினில் பல ஆயிரம் பேர் அமரும் பெரிய அரங்கை ஏஸ்கிலசின் முத்தொகுப்பு நாடகமான ஒரெஸ்தியாவைக் கொண்டு திறந்தார். அவர் யூதர். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. தொழிலாளரிடமிருந்து குரலையும் ரைன்ஹார்ட்டிடமிருந்து களத்தையும் எடுத்துக்கொண்டு, இருவரையும் துரத்திவிட்டு, அதற்குத் தொன்மை என்று பெயரிட்டார்கள்.

1936 ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெர்லினில் இரண்டு நாடகங்கள் நடந்தன. அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒலிம்பியாவில் ஜூலை 20 அன்று குவியாடியில் சூரிய ஒளியைப் பிடித்து ஏற்றிய சுடர், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைமாறி ஆகஸ்ட் 1 அன்று பெர்லின் விளையாட்டரங்கத்தை அடைந்தது. பண்டைய ஒலிம்பிக்கில் அப்படியொரு தொடரோட்டம் இருந்ததில்லை. அது போட்டிகளின் அமைப்பாளர் கார்ல் டீமின் ஏற்பாடு. மறுநாள் இரவு, விளையாட்டரங்கத்தின் அருகே வெர்னர் மார்ச் கிரேக்க வடிவில் கட்டிய, சுமார் இருபதாயிரம் பேர் அமரக்கூடிய திறந்தவெளி அரங்கு, மோலர் எழுதிய 'பிராங்கன்பர்க் பகடையாட்டம்' என்னும் நாடகத்துடன் தொடங்கியது. 1625இல் மேல் ஆஸ்திரியாவில் கிளர்ந்தெழுந்த விவசாயிகளை, உயிருக்காக ஒருவரோடொருவர் பகடை உருட்டச் செய்த கொடுமைதான் கதை. அந்தக் கொடுமையைச் செய்தவர்களை நாடகத்தில் நீதிபதிகளின் முன் நிறுத்துகிறார்கள். கடைசியில் கருங்கவசம் அணிந்த ஒருவன் தோன்றி, அதிகாரிகளையே பகடை உருட்டச் செய்கிறான். அவர்கள் தோற்கிறார்கள், தண்டனை இறங்குகிறது.

அடுத்த நாள், ஆகஸ்ட் 3 அன்று, நகரின் நடுவே அரசு நாடக அரங்கில் லோதர் மூதெல் நெறியாள்கையில் ஒரெஸ்தியா. அதன் இறுதியிலும் ஒரு வழக்கு நடக்கிறது. தாயைக் கொன்ற ஒரெஸ்டீசை ஏதென்சின் நடுவர்கள் விசாரிக்கிறார்கள். வாக்குகள் சரிபாதியாகப் பிரிகின்றன. அவன் குற்றவாளியா அல்லனா என்பதில் அந்த ஊரே இரண்டுபட்டு நிற்கிறது. ஏதெனா தன் வாக்கால் அவனை விடுவித்த பிறகும், சினந்து நிற்கும் பழிதெய்வங்களை அடித்துத் துரத்தாமல், பேசிப் பேசி இணங்கவைக்கிறாள். முந்தைய இரவின் வழக்கில் பேச்சு என்பதே இல்லை. தீர்ப்பு முன்பே தெரியும். இருபதாயிரம் பேரும் அதை உறுதிப்படுத்தவே வரவழைக்கப்பட்டவர்கள். கல்லில் கிரேக்க வடிவத்தைக் கட்டிய அரங்கில், கிரேக்க நாடகத்தின் உயிராகிய அந்தச் சரிபாதி வாக்கு இல்லை.

தெற்குத்திண்ணை அவர்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். மூதெலின் மேடையில் வசனம் இருந்தது. ஆனால் ஒலிம்பிக் கொண்டாட்டத்துக்கு நடுவே, புதிய அரசு பிறந்த கதையாக அதைப் பார்க்கும்படி எல்லாமே ஆயத்தமாக இருந்தன. திங் இயக்கமோ சீக்கிரமே வாடியது. கோயபல்ஸ் 1935லேயே அந்தச் சொல்லைக் கட்சி விவகாரங்களில் பயன்படுத்தக் கூடாது என்றார். 1936இல் பேச்சுக்கோரசுக்கும் தடை வந்தது.

தெற்குத்திண்ணை:

மிக்க நன்றி, சகோதரி. அப்படியானால் அந்த நாடகங்கள் எதிர்ப்பாளர்களுக்குப் பயன்பட்டதே இல்லையா?

செங்காந்தள்:

பயன்பட்டன, ஆனால் எளிதாக அல்ல. 1937 நவம்பரில் நியூயார்க்கில் ஓர்சன் வெல்ஸ், ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரை இத்தாலியப் பாசிஸ்டுகளை நினைவூட்டும் உடையில் நடத்தினார். நாஜிகளின் நியூரம்பெர்க் பேரணியின் ஒளித்தூண்களைப் போலவே கீழிருந்து மேலாக விளக்குகளைப் பாய்ச்சினார். அது பாசிசம் எட்டாத ஊர். ஜெர்மன் பிடியில் இருந்த பாரிசில் 1943இல் சார்த்ர் ஒரெஸ்டீசின் கதையைப் புதிதாக எழுதினார். குற்றவுணர்வில் அழுத்திவைக்கப்பட்ட ஆர்கோஸ் மக்களைப் பார்த்தவர்கள் சிலருக்கு ஜெர்மனியுடன் ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசின் ஓயாத பிராயச்சித்தப் பேச்சு நினைவுக்கு வந்திருக்கும். அந்த நாடகம் நடந்த அரங்கு முன்பு நடிகை சாரா பெர்னார் பெயரில் இருந்தது. அவர் யூத வழியில் வந்தவர் என்பதால் பெயரை மாற்றிவிட்டிருந்தார்கள். 1944 பிப்ரவரியில் அனுய் எழுதிய ஆன்டிகனியும் பாரிசில் மேடையேறியது. இரண்டும் ஜெர்மன் தணிக்கையின் அனுமதி பெற்றவை. மன்னனின் ஆணையை மீறும் ஆன்டிகனியின் "மாட்டேன்" என்ற சொல்லில் சிலர் எதிர்ப்பியக்கத்தைக் கேட்டார்கள். அந்த மன்னன் கிரேயோனின் நிதானமான வாதத்தில் வேறு சிலர் ஒத்துழைப்புக்கான நியாயத்தைக் கேட்டார்கள். பெர்லினிலேயே 1940இல் சோபோக்ளிசின் ஆன்டிகனி மேடையேறியது என்பதையும் மறந்துவிட முடியாது.

பழஞ்சுவடி:

கிரேக்கத்தைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. 1936 ஆகஸ்ட் 4 அன்று ஆட்சியைக் கைப்பற்றிய மெடாக்சாஸ், பழங்கிரேக்கம், பைசாந்தியம் ஆகியவற்றுக்கு அடுத்த "மூன்றாம் ஹெலனிய நாகரிகம்" தம் ஆட்சியில் எழும் என்றார். அந்த ஆட்சியைப் பாசிசம் என்று சொல்லலாமா என்பது வேறொரு விவாதம். எபிடாரஸ் என்னும் பழங்கிரேக்க அரங்கில் நவீன காலத்தின் முதல் நாடகம், ரோந்திரிஸ் நெறியாண்ட எலெக்ட்ரா, 1938இல் அந்த ஆட்சியில்தான் நடந்தது. அதற்காக இன்று எபிடாரசில் அமர்ந்து நாடகம் பார்ப்பவரை நாம் குறைசொல்ல முடியாது. மேடைவிளக்கு அவர்கள் சிராகுசாவைப் பற்றி ஏதும் எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

மேடைவிளக்கு:

பழஞ்சுவடி அவர்கள் என் தவற்றைச் சரியாகவே சுட்டிக்காட்டினீர்கள். அறிஞர்களை நான் மறந்துவிட்டே எழுதினேன். கடற்காகமும் செங்காந்தளும் எழுதியவற்றைப் படித்த பிறகு, தொடக்கப் பதிவில் "கொட்டகை" என்று நான் சொன்னது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. சிராகுசாவை எழுதாமல் விட்டதற்குக் காரணம், அது என் கருத்துக்குள் அடங்க மறுத்ததே.

சிசிலியின் சிராகுசாவில் பாறையைக் குடைந்து அமைந்த பழங்கிரேக்க அரங்கு ஒன்று இருக்கிறது. அங்கே 1914 ஏப்ரலில், கர்கல்லோ பிரபுவின் முயற்சியில், எத்தோரே ரோமக்னோலி மொழிபெயர்த்து நெறியாண்ட, ஒரெஸ்தியாவின் முதல் நாடகமான அகமெம்னான் மேடையேறியது. அப்போது பாசிசம் பிறக்கவே இல்லை. உலகப் போருக்குப் பின் 1921இல் அதே முத்தொகுப்பின் இரண்டாம் நாடகத்துடன் தொடர்ந்தார்கள். 1924இல் முசோலினி வந்து பார்த்தார். 1925இல் அரசாணையால் அது தேசிய நிறுவனமானது. ரோமக்னோலி 1929இல் அரச அகாதமியின் முதல் உறுப்பினர்களுள் ஒருவரானார். ஊர்க்காரர்கள் தொடங்கிய விழாவை அரசு எடுத்துக்கொண்ட முறை இது. மிரட்டல் எதுவும் தேவைப்படவில்லை. பணமும் பட்டமும் போதுமாயிருந்தன.

முசோலினி விரும்பியதோ இன்னும் பெரியது. 1933 ஏப்ரலில், பதினைந்தாயிரம், இருபதாயிரம் பேர் அமரும் திரள்நாடகம் வேண்டும் என்று பேசினார். அடுத்த ஆண்டு பிளாரன்சில் ஆர்னோ ஆற்றங்கரையில், ஒரு லாரியையே நாயகனாக்கிய '18 பிஎல்' என்னும் காட்சியை பிளாசெத்தி நடத்தினார்; இரண்டாயிரம் பேர் நடித்தும், எட்டத்தில் உட்கார்ந்த மக்களைத் தொடாமலேயே அது தோற்றது. ஊர்ஊராகப் போன 'தெஸ்பிசின் வண்டி' என்னும் நடமாடும் அரங்குகள்தாம் உண்மையில் மக்களிடம் சென்று சேர்ந்தன. முதல் நடிகன் தெஸ்பிஸ் வண்டியில் ஊர் சுற்றினான் என்பது ரோமானியக் கவிஞர் ஹோரஸ் சொன்ன செவிவழிக் கதை. அதன் பெயரை வைத்துக்கொண்டு அவை பெரும்பாலும் ஆப்பெராவையும் அன்றைய நாடகங்களையும் நடத்தின.

சிராகுசாவின் மேடை வடிவமைப்பாளர் துயீலியோ கம்பெல்லோத்தி. 1914இல் முதல் அகமெம்னானுக்கு அரண்மனை வாயிலை அமைத்தவர் அவர்தான். பாசிச ஆண்டுகளிலும் அங்கே அவர் வேலை பார்த்தார். 1939இல் ஏஜாக்சும் ஹெக்குபாவும் நடந்தன. போரில் மகனையும் மகளையும் இழந்த கிழட்டு அரசி மண்ணில் விழுந்து அழும் நாடகம் ஹெக்குபா. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் அந்தக் கற்படிகள் வெறுமையாகக் கிடந்தன. 1948இல் விழா மீண்டும் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது ஒரெஸ்தியாவை, இந்த முறை மூன்று நாடகங்களையும். மேடையை அமைத்தவர் அதே கம்பெல்லோத்தி. அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது.